முழங்காலும் இன்சூரன்ஸும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் வட கரோலினாவில், சார்லட் நகரில் இருக்கிறோம். என் மகன் பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடுகிறான். 2019இல் டியூக் பல்கலைக்கழக வீரர் சயான் வில்லியம்சன் ஷூ பிளந்து கீழே விழுந்த காட்சியைப் போன வாரம் வீட்டில் மறுபடி பார்த்தோம். என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்கில் இடம் உறுதியான பையன், அடிபட்ட பிறகு அந்த சீசனில் திரும்ப ஆடியிருக்கவே கூடாது என்பது என் கட்சி. "அதான் இன்சூரன்ஸ் இருக்கே, அப்புறம் என்ன பயம்?" என்கிறார் கணவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நித்யா

அன்புள்ள நித்யா,

அந்த ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. நல்லவேளையாக முழங்காலில் லேசான சுளுக்குதான். மார்ச்சில் திரும்பி வந்தார், ஜூனில், என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். அவர் ஆடியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆட வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டார். ஆனால் பதினெட்டு வயதில் எந்த ஆட்டக்காரன்தான் உட்கார ஒப்புக்கொள்வான்? அதனால்தான் அந்த முடிவை அவனுடைய ஆசைக்கும் கோச்சின் தேவைக்கும் விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

முதலில் இன்சூரன்ஸ். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இனி ஆடவே முடியாது என்றானால் மட்டும் பணம் தருவது. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1990 முதல் இதற்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. பிரீமியத்தைக் கடனாக வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு அடைக்கலாம். இன்னொன்று, காயத்தால் டிராஃப்டில் பின்னுக்குப் போனால் அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது. முதல் சுற்றில் எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறாரோ, அதற்கேற்ற சம்பள அளவு முன்பே வரையறுக்கப்பட்டிருப்பதால் நஷ்டத்தைக் கணக்கிட முடிகிறது. இரண்டுமே, மேலே போவான் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்ட சிலருக்குத்தான் கிடைக்கும். டிராஃப்டில் 60 இடங்கள். கல்லூரி ஆட்டத்தின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஆடும் கல்லூரிகளோ 350க்கும் மேல்.

கணவரிடம் கியான்டே ஜான்சனின் கதையைச் சொல்லுங்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழக வீரர். 2020 டிசம்பரில் ஆட்டத்தின் நடுவே மைதானத்திலேயே சுருண்டு விழுந்தார். அவருக்கு 50 லட்சம் டாலர் காப்பீடு இருந்ததாகச் செய்திகள் வந்தன. ஆனால் மறுபடி ஆடினால் அந்தப் பணம் கிடையாது. நன்றாக யோசித்துப் பாருங்கள், சுருண்டு விழுந்து பிழைத்த ஒரு பையன் முன்னால் எப்படிப்பட்ட கேள்வி இது! அவர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். மருத்துவர்கள் அனுமதித்த பிறகு கன்சாஸ் ஸ்டேட்டுக்கு ஆடி, 2023 டிராஃப்டில் 50ஆவது ஆளாக ஓக்லஹோமா அணிக்குப் போனார். அவர் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. ஆனால் அந்தத் துணிச்சலை அவரிடம் யாரும் கேட்டிருக்கக் கூடாது.

காயத்தின் சுமை வீரர் தலையிலேயே விழுவதன் வேர் பழையது. 1955இல் கொலராடோவில் ஒரு கல்லூரி அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, வேலையில் இறந்த தொழிலாளிக்கு உரிய இழப்பீட்டைக் கேட்டார். ஆடியவர் ஊழியர் அல்ல என்று மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் மறுத்துவிட்டது. வீரர்கள் ஊழியர்கள் அல்ல, மாணவர்கள் என்று காட்டத்தான் 'மாணவ வீரர்' என்ற சொல்லையே என்.சி.ஏ.ஏ. பரப்பியது. 2021 முதல் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், 2025 முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். அப்படியும் அவர்களை ஊழியர்களாக ஏற்கவில்லை. இதோடு 2005 ஒப்பந்தத்தின் வயது விதியையும் சேர்த்துப் பாருங்கள். டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைந்து, பள்ளி முடிந்து ஒரு வருடமும் கழியாமல் என்.பி.ஏ. டிராஃப்டுக்குள் நுழைய முடியாது. அந்த ஒரு வருடத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தால்? கென்டக்கியின் நெர்லன்ஸ் நோயலுக்கு 2013 பிப்ரவரியில் அதுதான் நடந்தது. முதல் இடத்துக்குப் பேசப்பட்டவர் ஆறாவதாகப் போனார், அடுத்த சீசன் முழுவதும் வெளியே உட்கார்ந்திருந்தார்.

அதே ஆண்டு மார்ச்சில் லூயிவில் வீரர் கெவின் வேரின் கால் எலும்பு முறிந்து தோலுக்கு வெளியே வந்தது. அந்தக் காட்சியை ஒருமுறைதான் பார்த்தேன், இரண்டாம் முறை பார்க்க மனம் வரவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி, ஜெயித்துவிட்டு வாருங்கள் என்றுதான் தோழர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மனநிலையில் இருப்பவனை அவனிடமிருந்தே காப்பாற்ற ஒரு ஆள் வேண்டாமா?

அந்த ஆள் மருத்துவர்தான். 2016இல் கல்லூரி விளையாட்டின் பெரிய ஐந்து கூட்டமைப்புகள், வீரர் எப்போது திரும்பலாம் என்பதில் மருத்துவரின் சொல்லே இறுதி, கோச் அதை மாற்ற முடியாது என்று விதி செய்தன. சரி, நல்ல விதிதான். ஆனால் அந்த மருத்துவர் அதே பல்கலைக்கழகத்தின் ஆளாகவே இருந்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆட்டம் ஜெயித்தால் லாபமடையாத ஒருவர் ஸ்கேனைப் பார்க்க வேண்டும். சிகிச்சையும் சீசனோடு முடியக் கூடாது. 2024 ஆகஸ்ட் முதல், படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகளாவது ஆட்டக் காயத்துக்கான மருத்துவச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. முழங்கால் தேய்மானம் நாற்பது வயதிலும் வலிக்கும். இரண்டு ஆண்டு எந்த மூலைக்கு?

உங்கள் மகன் நாளை கல்லூரி அணிக்குப் போனால், கையெழுத்து போடும் முன் மூன்றைக் கேளுங்கள். அடிபட்டால் வெளி மருத்துவரிடம் காட்டச் செலவு யாருடையது? ஆட முடியாமல் போனாலும் ஸ்காலர்ஷிப் தொடருமா? சிகிச்சை எத்தனை வருடம்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.