பன்னிரண்டு மணி நேர நர்சிங் டியூட்டியின் களைப்பை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி இரண்டே வரிதான்: "தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடிந்து வந்தால் பல் துலக்கக்கூடத் தெம்பில்லை. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" அதற்கு ஒருவர், "சேவை மனப்பான்மை இருந்தால் களைப்பே தெரியாது" என்று பதில் எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் புண்ணியவான் எண்பது கிலோ மனிதரை ஒரு முறையாவது கட்டிலில் புரட்டிப் படுக்க வைத்திருப்பாரா?

உங்களுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் வேலை. சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகிறது. வீட்டில் கேட்டால் "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறீர்கள். தவறாக இருந்தால் மன்னியுங்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நர்சிங் டிப்ளமோ முடித்து 2011இல் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை டியூட்டி. அடுத்து வருகிறவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டு வெளியே வர ஒன்பதாகும். தொடர்ந்து ஆறு இரவு, பிறகு ஒரு ஆஃப். யாராவது லீவ் போட்டால் அதுவும் போய்விடும். முப்பது கட்டில் வார்டுக்கு இரவில் நாங்கள் இரண்டு பேர். பொது வார்டில் ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ், ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். வார்டில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஒருமுறை ஐந்தாவது இரவு. முந்தைய பகலில் ஒரு மணிக்கே எழுந்துவிட்டேன். நானாக எழவில்லை, பக்கத்து வீட்டு அக்கா பிரஷர் பார்க்கச் சொல்லிக் கதவைத் தட்டினார். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. அன்றிரவு வார்டில் இரண்டு புது அட்மிஷன், ஒருவருக்கு விடாத வாந்தி. காலை ஆறு மணிக்கு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு இன்சுலின் போட வேண்டும். பன்னிரண்டு யூனிட்.

தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வார்டு ஸ்டாக் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின். அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த குப்பி 100 யூனிட்; அதற்கு ஆரஞ்சு மூடி. நான் அவருடைய குப்பியை எடுத்தேன், கை பழக்கத்தில் சிவப்பு மூடியைக் கழற்றினேன், பன்னிரண்டாம் கோடு வரை இழுத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டு முப்பது யூனிட்டைக் கையில் வைத்திருந்தேன்.

பஞ்சால் துடைத்தும் ஆயிற்று. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மணி, எனக்கு வீட்டில் போடுகிற ஊசிக்கு மூடி ஆரஞ்சு கலராக அல்லவா இருக்கும்?" என்று கேட்டார். சில்லறையை எண்ணியே பழகிய கண். எனக்கு அந்த வாக்கியம் புரியவே சில நொடிகள் ஆனது. அந்தச் சில நொடிகள்தான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகின்றன.

இதைப் பொதுவில் எழுதலாமா என்று சிலர் கோபப்படுவீர்கள். இன்னொரு நர்ஸிடம் காட்டிச் சரிபார்த்திருக்க வேண்டும் என்பீர்கள். தெரியும். அந்த இன்னொரு நர்ஸ் வாந்திக்காரர் பக்கத்தில் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். என் தவறில்லை என்று நான் வாதாடவில்லை. தவறு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருக்குச் சமமாகத் தடுமாறும் என்று 1997இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு எல்லையே 0.03 சதவீதம்தான். பகல் ஒரு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை எண்ணிப் பாருங்கள். அதோடும் விடவில்லை நான். டியூட்டி முடிந்து ஸ்கூட்டியில் போகும்போது லட்சுமி மில்ஸ் சிக்னலில் ஒரு காலை ஊன்றியபடியே தூங்கிவிட்டேன். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்துத்தான் பச்சை விழுந்ததே தெரிந்தது.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஊசி விஷயத்தைச் சொன்னேன். "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, விடு" என்றார். நானும் விட்டுவிட்டேன். எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதது நான் செய்த இரண்டாவது தவறு.

இரண்டு மாதம் கழித்துத்தான் புத்தி வந்தது. வார்டு நர்ஸ்கள் பதினொரு பேர் உட்கார்ந்து, ஒரு மாதம் முழுக்க யார் எத்தனை மணிக்கு வந்தோம், உண்மையில் எத்தனை மணிக்கு வெளியே போனோம் என்று ஒரு நோட்டில் எழுதினோம். களைப்பு, கஷ்டம் என்ற சொற்களைப் போடவே இல்லை. ஐந்தாவது, ஆறாவது இரவில் மருந்து மாறும் அபாயம் இருக்கிறது என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டோம். அதற்கு முன் நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் அறையில் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், ஒன்றும் நடந்ததில்லை. இந்தத் தாளுக்குப் பிறகு ஆறு இரவு நான்காயிற்று. ஆள் மட்டும் கூடவில்லை. எல்லா இடத்திலும் இப்படி எழுத முடியாது, வேலை போய்விடும் என்பீர்கள். அதனால்தான் தனியாக எழுதாதீர்கள் என்கிறேன்.

நீங்கள் கேட்டது உடம்பைப் பற்றி. எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன், நான் டாக்டர் இல்லை. முதல் இரவுக்குப் போகும் முன் பகலில் இரண்டு மணி நேரமாவது படுத்துவிடுங்கள். விடியற்காலை மூன்றுக்கு மேல் டீ வேண்டாம், காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். நடு இரவில் பரோட்டா வேண்டவே வேண்டாம். நான் ஒன்பது மணிக்கே சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு இரண்டு இட்லி மட்டும் வைத்துக்கொள்வேன். உடன் இருப்பவரோடு பேசிவைத்து ஆளுக்கு இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். எழுந்த உடனே ஊசியைத் தொடாதீர்கள், முகம் கழுவிக் கொஞ்சம் நடந்துவிட்டுத் தொடுங்கள். ஷூவை மாலையில் போய் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும்போது அளவு சரியாகத் தெரியும். சிறுநீரை அடக்காதீர்கள். அதை அடக்கி அடக்கி நான் வாங்கிக் கட்டிக்கொண்ட தொற்றுகளுக்குக் கணக்கில்லை. நைட் முடிந்தால் வண்டியைத் தொடாதீர்கள், பஸ்ஸில் போங்கள்.

உட்காருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் நர்ஸ் ஒருத்தி கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்தால்கூட, "சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று நோயாளியோடு துணைக்கு வந்த அட்டெண்டர்கள் செல்போனில் படமெடுக்கிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் எழுதாமல் மனம் ஆறாது. வேலையில் சேரும்போது ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வது என்ன நியாயம்? நான் ராஜினாமா கொடுத்தபோது, இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டு முடியவில்லை என்று இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டச் சொன்னார்கள். என் அப்பா ஆட்டை விற்றுப் படிக்க வைத்த சர்ட்டிபிகேட், யாரோ ஒருவருடைய இரும்பு பீரோவில்! அம்மாவின் கம்மலை அடகு வைத்துத்தான் அதை மீட்டேன். "விருப்பமில்லாவிட்டால் சேராமல் இருந்திருக்கலாமே" என்று யாரும் வந்துவிடாதீர்கள். அந்த ஊரில் அன்று நான் ஏறி இறங்கிய எல்லா இடத்திலும் அதையேதான் கேட்டார்கள். உங்கள் ஒரிஜினல் யாரிடம் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

இப்போது மதுரையில் எட்டு மணி நேர டியூட்டி பார்க்கிறேன். சம்பளம் கொஞ்சம் குறைவு, தூக்கம் கொஞ்சம் அதிகம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டிருக்கிறேன். கதவில் ஓர் அட்டை தொங்குகிறது: "நைட் டியூட்டி. மாலை ஐந்து மணிக்கு மேல் வரவும்." மாமியாருக்கு முதலில் அது பிடிக்கவில்லை, வீடா கிளினிக்கா என்றார். இங்கேயும் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார், அவருக்கும் பிரஷர் பார்க்க வேண்டும். ஐந்தே காலுக்கு வருகிறார்.