ஃபில்டர் வாங்குமுன் ஒரு சின்னக் கணக்கு

கேள்வி: மேடவாக்கத்தில் தனி வீடு, மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி. மழைநீர் ஃபில்டரும், முதல் மழைத் தண்ணீரைத் தனியாகப் பிடிக்கும் குழாயும் சேர்த்து 24 ஆயிரம் ரூபாய் சொல்கிறார் ஒருவர். தண்ணீரை நேராக போர்வெல்லிலேயே விட்டுவிடலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுக்கவில்லையே? நல்லது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மாடி சுமார் 93 சதுர மீட்டர். ஐப்பசியில் அடித்துப் பெய்யும்போது மணிக்கு 50 மி.மீ. கொட்டினால், அந்த ஒரு மணி நேரத்தில் 4,600 லிட்டருக்கு மேல் இறங்கும். அவருடைய ஃபில்டர் மணிக்கு எத்தனை லிட்டர் வாங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த ஃபில்டர் வேண்டாம். கொள்ளளவு போதாவிட்டால் நல்ல மழையெல்லாம் வழிந்து தெருவுக்குத்தான் போகும்.

அந்த முதல் மழைக் குழாயையும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் நாலு அங்குல பிவிசி, மூன்றடி நீளம். அதில் பிடிப்பது ஏழு லிட்டர் சொச்சம். உங்கள் மாடியில் முதல் ஒரு மில்லிமீட்டர் மழையே 93 லிட்டர்! புறா எச்சமும் தூசியும் வருவது அந்தத் தண்ணீரில்தான். பிளம்பரை வைத்து வடிகுழாயில் ஒரு டீயும் (T வடிவ இணைப்பு) திறந்து மூட கேட் வால்வும் போட்டால் போதும். மழை தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே விட்டு, அப்புறம் சம்ப் (தரைக்கடித் தொட்டி) பக்கம் திருப்புங்கள். யாராவது குடை பிடித்துக்கொண்டு போகத்தான் வேண்டும். நாங்கள் முதல் வருடம் சோம்பல்பட்டு விட்டுவிட்டோம். சம்ப் மூடியைத் திறந்தால் ஊறிய வேப்பிலை வாடை. இறைத்துக் கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

போரில் நேராக விடவே வேண்டாம். ஒருமுறை அழுக்கு உள்ளே போனால் கழுவி எடுக்க முடியாது. போருக்குப் பக்கத்தில் குழி தோண்டி சிமென்ட் உறை இறக்கி, அடியில் கருங்கல் ஜல்லி கொட்டி, சம்ப் நிறைந்து வழியும் தண்ணீரை அதில் விடுங்கள். செப்டிக் டேங்கிலிருந்து தள்ளியே தோண்டுங்கள்.

இன்னொன்று: 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழி உங்கள் வீட்டிலேயே மண்மூடிக் கிடக்கலாம். அதைத் தூர்வாரக் கூலி மட்டும்தான் செலவு.

கேள்வி: குளித்த, துவைத்த தண்ணீரைச் சுத்திகரித்து டாய்லெட்டுக்கு விடும் மெஷின், நாலு பேர் உள்ள வீட்டுக்குச் சரிப்படுமா?

பதில்: என்னைக் கேட்டால் வேண்டாம். கோயம்பேட்டில் குடிநீர் வாரியம் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும் அளவில் ஆலை வைத்திருக்கிறது. அங்கே பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள்தான். டாய்லெட்டுக்குத் தனிக் குழாயும் இழுக்க வேண்டும். சோப்புத் தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கினாலே நாறும். அதைக் கல்வாழை, வாழைப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். ஜல்லியும் மணலும் போட்ட பாத்தியாக இருந்தால் தேங்காது. கீரைக்கு மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

பதில்: தினமும் ஊற்றினால் உப்பு சேர்ந்து இலை நுனி கருகும். வீடு துடைக்க, டாய்லெட்டில் ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், வீட்டுக் குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ்ஸை, அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்பதை, அளந்தீர்களா? 500-க்குக் கீழே என்றால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையே இல்லை, கிருமிக்குக் கொதிக்க வைத்தால் போதும்.