உதிரும் குரோமோசோம்கள்

வணக்கம்.

மனிதச் செல்லையும் சுண்டெலிச் செல்லையும் இணைத்தால் மனிதக் குரோமோசோம்கள் ஒவ்வொன்றாகக் காணாமல்போகும் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் சுண்டெலியும் எலியும் கலந்த ஸ்டெம் செல்கள் நிலையாக இருப்பதாகப் படித்தேன். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? குரோமோசோம் உதிர்ந்துகொண்டே இருக்கும் செல்லை வைத்து என்னதான் ஆராய்ச்சி செய்வது? நான் முதுகலை விலங்கியல் மாணவி.

எஸ்.

அன்புள்ள எஸ்,

இரண்டும் உண்மைதான். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு மிகப் பிடித்த பரிசோதனை அங்கேதான் இருக்கிறது.

1967-ல் மேரி வெய்ஸ், ஹோவர்ட் கிரீன் இருவரும் தைமிடின் கைனேஸ் என்ற நொதி இல்லாத சுண்டெலிச் செல்களை மனிதச் செல்களோடு இணைத்தார்கள். பிறகு ஹேட் ஊடகத்தில் வளர்த்தார்கள். அதிலுள்ள அமினோப்டெரின் டிஎன்ஏ தயாரிப்பின் வழக்கமான பாதையை அடைத்துவிடும். மாற்றுப் பாதைக்கு அந்த நொதி வேண்டும். ஆக, அந்த நொதிக்கான மனித மரபணுவை இழந்த கலப்புச் செல் பிழைக்காது. மற்ற மனிதக் குரோமோசோம்கள் உதிர உதிர, எது எப்போதும் மிஞ்சுகிறதோ அதில்தான் அந்த மரபணு இருக்க வேண்டும். அது 17-ஆம் குரோமோசோம் என்று சில ஆண்டுகளில் உறுதியானது.

அதுவரை ஒரு மனித மரபணுவின் இடத்தை அறியக் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் துருவ வேண்டியிருந்தது. இப்போது கண்ணாடித் தட்டிலேயே முடிந்தது. உதிராமல் இருந்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது!

சரி, ஏன் உதிர்கிறது? செல் பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமும் சென்ட்ரோமியர் என்ற தன் பிடிப்பிடம் வழியாக, அதை இழுத்துச் செல்லும் கதிர் இழைகளில் பற்றிக்கொள்ள வேண்டும். பிடி தவறியது பின்தங்கி, தனி நுண்கருவாக ஒதுங்கி அழிகிறது. இதைத் தெளிவாகக் காட்டியது வாற்கோதுமை. பயிரிடும் வாற்கோதுமையை அதன் காட்டு உறவான ஹோர்டியம் பல்போசத்தோடு கலந்தால், காட்டு இனத்தின் சென்ட்ரோமியர்களில் சென்ஹெச்3 என்ற புரதம் சரியாக ஏறுவதில்லை, அதனால் அதன் குரோமோசோம்கள் வெளியேறுகின்றன என்று 2011-ல் கண்டார்கள். எல்லாக் கலப்புச் செல்லிலும் இதே காரணம்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டெம் செல்லுக்கு வந்தால் கதை தலைகீழ். 2005-ல் ஹார்வர்டில் கோவன், எக்கன், மெல்ட்டன் உள்ளிட்ட குழுவினர் மனிதக் கரு ஸ்டெம் செல்லைச் சாதாரணத் தோல் செல்லோடு இணைத்தார்கள். தோல் செல்லின் உட்கரு, கரு ஸ்டெம் செல்லின் நிலைக்குத் திரும்பியது. ஆனால் செல்லில் இரண்டு முழுத் தொகுதிகள், 92 குரோமோசோம்கள். நோயாளிக்குப் பயன்பட வேண்டுமானால் ஸ்டெம் செல் கொண்டுவந்த 46-ஐ வெளியேற்றியாக வேண்டும். அதற்கு எளிய வழி இல்லை. இங்கே நிலைத்து நின்றதுதான் தடை. மறு ஆண்டே ஜப்பானிய ஆய்வாளர் யமனாக்கா, இணைவே இல்லாமல், நான்கு மரபணுக்களால் சுண்டெலிச் செல்லை அந்த நிலைக்குத் திருப்பிக் காட்டினார். ஆர்வம் அந்தப் பக்கம் திரும்பியது.

நீங்கள் படித்தது 2016-ல் சீனாவில் நடந்தது. வழக்கமான இரண்டுக்குப் பதில் ஒரே ஒரு குரோமோசோம் தொகுதி மட்டுமே உள்ள ஸ்டெம் செல்களை இணைத்தார்கள். சுண்டெலியின் 20, எலியின் 21, மொத்தம் 41. இரண்டும் நெருங்கிய உறவு. அதோடு, இந்தச் செல்லில் உபரிப் பிரதி கிடையாது. ஒன்றை இழந்தால் அந்த மரபணுக்களுக்கு எதிர் இனத்தின் ஒரே பிரதிதான் மிஞ்சும். அப்படி இழந்த செல் போட்டியில் பின்தங்கும் என்பது என் ஊகம்.

ஆய்வுக்கூடத்தில் கலப்புச் செல் வளர்க்க வாய்ப்பு கிடைத்தால் முதல் வாரத்துக் குரோமோசோம் எண்ணிக்கையை நம்பி இருந்துவிடாதீர்கள். எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) சுரக்கும் கலப்புச் செல்களான ஹைப்ரிடோமா வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். எதிர்ப்புரத மரபணு உள்ள குரோமோசோமை இழந்த செல்கள் வேகமாகப் பெருகி, நல்ல செல்களை மூடிவிடும். அதனால்தான் அவர்கள் மறுபடி மறுபடி ஒற்றைச் செல்லிலிருந்து குளோன் எடுக்கிறார்கள். நீங்களும் சில முறை பிரித்து வளர்த்த பிறகு, செல் பிரிவை நடுவில் நிறுத்தும் கொல்ச்சிசின் கொடுத்து, ஸ்லைடு போட்டு, ஒரு செல்லோடு நிறுத்தாமல் பல செல்களில் எண்ணுங்கள்.