எல்ஃபுக்கு எவ்ளோ பவர் குடுக்கலாம்? 4 பேர்ல 3 பேர் எல்ஃப் ஆயிட்டா என்ன பண்றது?

கேள்வி: அண்ணா, நாங்க காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் 5 பேர் ஞாயித்துக்கிழமை ஆனா உக்காந்து ரோல்பிளே கேம் (ஆளுக்கு ஒரு கேரக்டர் எடுத்து கதையா ஆடறது) ஆடறோம், நான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்தறவன், மீதி 4 பேர் பிளேயர்ஸ். டி20ங்கற 20 பக்க டைஸ் வச்சு ரூல்ஸ் நானே எழுதுனது. எல்ஃப் இனத்துக்கு (ஃபேண்டஸி கதைகள்ல மனுஷன் மாதிரியே வர்ற மாய வனத்து ஜனம்) நான் குடுத்தது: கும்மிருட்டுல 60 அடி வரைக்கும் கண்ணு தெரியும், வில்லுல அடிக்கும்போது டைஸ்ல விழறதோட +2, தூக்க மந்திரம் பலிக்காது, ராத்திரி 4 மணி நேரம் தியானம் போதும், ரகசியக் கதவு பக்கத்துல போனாலே தெரிஞ்சிடும், ஆயுசு 700 வருஷம். பேலன்ஸுக்கு உடல்திறன்ல -2 போட்டேன். இப்ப 3 பேர் எல்ஃப். மனுஷன் கேரக்டர் எடுத்த ஒருத்தன் மட்டும் "நான் எதுக்குடா கூட வர்றேன்"னு கேக்கறான். எதை வெட்டறது, எதை வைக்கறது?

பதில்: தம்பி, உங்க லிஸ்ட்ல புதுசா ஒண்ணுமே இல்ல, அதுக்காக வெக்கப்படவும் வேணாம், எல்லாரும் இங்கதான் ஆரம்பிக்கறோம். ரோல்பிளே கேமுக்கெல்லாம் தாத்தா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதோட 1978 அட்வான்ஸ்டு பிளேயர் புக்கை எடுத்தா அதுலயே எல்ஃபுக்கு 60 அடி இருட்டுப் பார்வை, தூக்க மந்திரத்துக்கு 90 சதவீத எதிர்ப்பு, வில்லுக்கும் வாளுக்கும் +1, ரகசியக் கதவு கண்ணுல படற சான்ஸ், உடல்திறன்ல -1 எல்லாம் இருக்கு. அப்புறம் வந்த எடிஷன்கள் பெரும்பாலும் அதே குழம்பை சூடு பண்ணி மேல கொஞ்சம் ஊத்திட்டே வந்துச்சு, நீங்க மொத்தத்தையும் ஒரே தட்டுல கொட்டிட்டீங்க, அவ்ளோதான்.

ஆனா அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் ஒரு விலை இருந்துச்சு, அதை யாரும் காப்பி அடிக்கல. 1974ல வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல எல்ஃப் சண்டைக்காரனா 4ஆம் லெவல், மந்திரவாதியா 8ஆம் லெவல், அதுக்கு மேல ஏறவே முடியாது. அதோட 1981 பேசிக் செட்ல எல்ஃபுங்கறதே ஒரு தனி கிளாஸ் (கேரக்டரோட தொழில்), சண்டையும் உண்டு மந்திரமும் உண்டு, ஆனா ரெண்டாம் லெவலுக்கு 4000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேணும், ஃபைட்டருக்கு 2000 போதும். இதுல எக்ஸ்பி விஷயம் எனக்குப் புடிக்கும், ஏன்னா முதல் மாசத்துலயே வலிக்கும். லெவலுக்கு பூட்டு போடறது மட்டும் வேலைக்கு ஆகாது, பவரை இன்னைக்கே குடுத்துட்டு காசை ரெண்டு வருஷம் கழிச்சு குடுன்னு சொல்ற கதை அது, பாதி குரூப்பு ரெண்டு வருஷம் ஓடறதே இல்ல, அப்ப கடன் தள்ளுபடிதான்.

உங்க -2ம் கிட்டத்தட்ட அதே மாதிரி தள்ளுபடி ஆன கடன்தான். எப்படின்னா, உங்க எல்ஃப் மூணும் வில்லு எடுத்துட்டு 100 அடி தள்ளி நிக்குது, அடி வாங்கறது முன்னாடி நிக்கற மனுஷன். அடியே விழாதவனுக்கு உடம்பு கொஞ்சம் வீக்கா இருந்தா என்ன, இல்லைன்னா என்ன. ஒரு குறைன்னு வச்சா அது பலம் வேலை செய்யற அதே இடத்துல கடிக்கணும், வேற எங்கயோ இருந்தா பிளேயர் அதை ஓரமா ஒதுக்கி வச்சுட்டு கேரக்டரை அமைச்சுடுவாரு.

இப்ப அந்த ஃப்ரெண்டு ஏன் கடுப்பாகறாருன்னு பாப்போம். வில்லுல +2 இருக்கறதால இல்ல, எனக்குத் தெரிஞ்சு இருட்டுப் பார்வைதான் வில்லன். ஒரு எல்ஃப் மட்டும் இருந்தா பிரச்சனையே வராது, மத்தவங்களுக்காக எப்படியும் தீப்பந்தம் ஏத்துவாங்க. மூணு எல்ஃப் ஆனதும் என்ன நடக்குது? குகை வாசல்ல நிக்கறாங்க, ஒருத்தர் சொல்றாரு "பந்தத்தை அணைச்சிடு, உள்ள இருக்கறவனுக்கு நாம வர்றது தெரிய வேணாம்". ரொம்ப சரியான ஐடியா, கேம் மாஸ்டரா நீங்க மறுக்கவே முடியாது. அந்த நிமிஷத்துலேர்ந்து மனுஷனுக்கு கண்ணு தெரியாது, ஒரு எல்ஃப் தோளைப் புடிச்சுட்டு நடக்கணும், சண்டை வந்தா குருட்டாம்போக்குல வாளை வீசணும். அவர் பார்ட்டில (கூடப் போற கேரக்டர் கூட்டத்துல) ஒரு ஆளா இல்ல, தூக்கிட்டுப் போற மூட்டையா ஆயிட்டாரு. அதனால எந்த இனத்துக்கு எந்த சக்தி எழுதினாலும் "இது ஒருத்தர்கிட்ட இருந்தா என்ன ஆகும், மூணு பேர்கிட்ட இருந்தா என்ன ஆகும்"னு ரெண்டு தடவை ஓட்டிப் பாருங்க. ஒருத்தர்கிட்ட அழகா இருக்கறது மூணு பேர்கிட்ட போனதும் கேமையே மாத்திடும்.

இதுக்கு மருந்து ஏற்கனவே இருக்கு. 2000ல வந்த மூணாவது எடிஷன்ல எல்ஃபுக்கு கும்மிருட்டுல தெரியாது, மங்கின வெளிச்சத்துல மனுஷனை விட ரெண்டு மடங்கு தூரம் தெரியும், அவ்ளோதான். மனுஷனுக்கு பந்த வெளிச்சத்துல 20 அடி நல்லா தெரிஞ்சா எல்ஃபுக்கு 40 அடி. நிலா வெளிச்சம் இருந்தா பகல் மாதிரி. இதோட அழகு என்னன்னா எல்ஃபுக்கும் பந்தம் வேணும், பந்தம் புடிக்கற மனுஷன் இல்லாம எல்ஃபும் குருடுதான். சக்தி குறைஞ்ச மாதிரியே தெரியாது, ஆனா ரெண்டு பேரையும் ஒருத்தருக்கு ஒருத்தர் தேவைப்பட வச்சிடும். கண்ணை மூடிட்டு இதுக்கு மாறுங்க.

வில்லு +2க்கு வருவோம், இதுல கொஞ்சம் கணக்கு இருக்கு, பொறுமையா படிங்க. டி20ல ஒவ்வொரு +1ம் 5 சதவீதம். எதிரியை அடிக்க 12 இல்ல அதுக்கு மேல விழணும்னு வச்சுக்குங்க, சாதாரணமா 45 சதவீதம், +2 இருந்தா 55. சண்டை 4 ரவுண்டு, ரவுண்டுக்கு ஒரு அம்பு. +2 இல்லைன்னா சராசரியா 1.8 அம்பு படும், இருந்தா 2.2. நல்ல வித்தியாசம்தான், ஆனா டேபிள்ல யாருக்கும் இது தெரியாது, டைஸ்ல 13 விழுந்தா "பட்டுச்சு"ன்னு எழுதிட்டு போயிடுவாங்க, அந்த +2வால பட்டதா அதுவா பட்டதான்னு யாரு யோசிக்கப் போறா. இப்ப +2வை தூக்கிட்டு இப்படி எழுதுங்க: சண்டைக்கு ஒரு தடவை, குறி தப்பின ஒரு அம்பை எல்ஃப் திரும்ப ரோல் பண்ணலாம். 2008ல வந்த நாலாவது எடிஷன்ல எல்ஃபோட அடையாளமே இந்த ரீரோல்தான். அதே 4 ரவுண்டு கணக்கை போட்டுப் பாத்தா சராசரி 2.23 வருது. +2வுக்கும் இதுக்கும் பலத்துல வித்தியாசமே இல்ல பாருங்க. ஆனா இதுல பிளேயர் யோசிக்கணும், இப்பவே யூஸ் பண்ணவா இல்ல கடைசி ரவுண்டுக்கு வைக்கவான்னு. யூஸ் பண்ணும்போது மத்த மூணு பேரும் டைஸை எட்டிப் பாப்பாங்க. கேரக்டர் ஷீட்டுல தூங்கற நம்பரை விட இது எவ்ளோவோ மேல்.

தூக்க மந்திரம் பலிக்காததை அப்படியே விட்டுடுங்க, அது வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்தாலே அதிகம். ஒண்ணு மட்டும், அதைக் குடுத்ததுலேர்ந்து மூணு செஷனுக்குள்ள ஒரு தடவையாவது தூக்க மந்திரம் போடற எதிரியை கொண்டு வாங்க, எல்லாரும் விழுந்து கிடக்க எல்ஃப் மட்டும் நிக்கற அந்த சீன் வரணும், இல்லைன்னா அப்படி ஒரு சக்தி இருக்கறதையே அவங்க மறந்துடுவாங்க.

4 மணி நேர தியானமும் மூணு பேர் பிரச்சனைதான். ஒரு எல்ஃப் இருந்தா மத்தவங்க தூங்கும்போது நெருப்பு பக்கத்துல தனியா உக்காந்திருக்கற சீன் கிடைக்கும், எனக்கு ரொம்பப் புடிச்ச சீன் அது. மூணு எல்ஃப் மாறி மாறி முழிச்சிருந்தா ராத்திரி யாரும் பதுங்கி வந்து தாக்கவே முடியாது, உங்க கையிலேர்ந்து ஒரு ஆயுதம் போச்சு. தியானத்துல இருக்கறவங்களுக்கு வெளில நடக்கறது காதுல விழாதுன்னு ஒரு வரி சேத்துட்டா பாதி சரியாயிடும்.

ரகசியக் கதவு தானா தெரியறது வேணவே வேணாம், நீங்க ராத்திரி உக்காந்து மேப் வரைஞ்சது வீணாப்போகும். பழைய ரூல்ல கூட 10 அடிக்குள்ள கடந்து போனா 6ல 1 சான்ஸ், நின்னு தேடினா 6ல 2, அவ்ளோதான். அந்த சான்ஸை வச்சுக்குங்க, விழுந்தாலும் "கதவு இருக்கு"ன்னு சொல்லாதீங்க, "இந்தச் செவுத்துலேர்ந்து குளிர்ந்த காத்து வருது"ன்னு மட்டும் சொல்லி நிறுத்துங்க. மீதியை அவங்க தேடட்டும்.

இப்ப நிஜமான மேட்டர். உங்க லிஸ்ட்லயே பெரிய சொத்து அந்த 700 வருஷ ஆயுசு, அதை வெறும் அலங்காரமா விட்டிருக்கீங்க. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்லயும் இதே கதைதான், 2014 ரூல்ஸ்ல எல்ஃப் 750 வருஷம் வரைக்கும் வாழலாம்னு போட்டிருக்கும், ஆனா அதால கேம்ல ஒண்ணும் நடக்காது, 150 வயசு எல்ஃபும் 19 வயசுப் பையனும் ஒரே முதல் லெவல்ல நிப்பாங்க. எல்ஃபுக்கு இருட்டுல கண்ணு தெரியறது பூனைக்கும் உண்டு, குறி பாத்து அடிக்கறது நல்ல வேட்டைக்காரனுக்கும் உண்டு, ரொம்ப காலம் உயிரோட இருக்கறது ஒண்ணுதான் அவங்களை வேற ஜாதியா ஆக்குது. சக்தி எழுதணும்னா அங்கேருந்து எழுதுங்க.

நான் எழுதினா இப்படி எழுதுவேன், பேரு "பழைய ஞாபகம்". செஷனுக்கு ஒரு தடவை எல்ஃப் பிளேயர் ஒரு இடத்தைப் பத்தியோ குடும்பத்தைப் பத்தியோ ஒரு விஷயம் சொல்லலாம், அது உண்மை, கேம் மாஸ்டர் மறுக்கக் கூடாது. ஆனா அதுக்கப்புறம் என்ன மாறிச்சுன்னு கேம் மாஸ்டர் ஒண்ணு சேப்பாரு. பார்ட்டி ஆத்தங்கரைல மாட்டிக்கிச்சு, பின்னாடி ஆளுங்க துரத்தறாங்க. எல்ஃப் சொல்றாரு, "80 வருஷம் முன்னாடி இந்தப் பக்கம் வந்திருக்கேன், கீழ ஒரு மைல்ல கல்பாலம் இருக்கு". ஓடறாங்க, பாலம் இருக்கு. நீங்க சொல்றீங்க, "பாலம் இருக்கு, நடுவுல புதுசா ஒரு கோபுரம் கட்டி சுங்கம் வாங்கறாங்க, வாங்கறவன் மூஞ்சி எங்கயோ பாத்த மாதிரி இருக்கு, உன்னோட அன்னைக்கு பாலம் கட்டினவரோட பேரன்". பாருங்க, வழியும் கிடைச்சிச்சு, சிக்கலும் கிடைச்சிச்சு, கூடவே எல்ஃபுக்கு தெரிஞ்ச மனுஷங்க எல்லாரும் செத்துப் போயிருப்பாங்கங்கறதும் யாரும் லெக்சர் குடுக்காம வந்து உக்காந்துடுச்சு. மூணு எல்ஃப் இருந்தாலும் இது உடையாது, மூணு பேருக்கும் மூணு வேற ஞாபகம். கொஞ்சம் குறும்பு பண்ணணும்னா ஒருத்தர் சொன்னதை இன்னொரு எல்ஃப் "அது அந்த ஆறு இல்லடா"ன்னு சொல்ல விடுங்க, டேபிளே சிரிக்கும்.

ஒரே எச்சரிக்கை, "80 வருஷம் முன்னாடி இங்க ஒரு மாயவாள் புதைச்சு வச்சேன்"னு ஒருத்தர் கண்டிப்பா கிளம்புவாரு. பொருள் கிடையாது, தகவல் மட்டும்தான்னு ரூல்லயே எழுதிடுங்க.

குறைக்கு என்ன வைக்கலாம்னா, -2வை தூக்கிட்டு இரும்பை வைங்க. ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகள்ல இந்த மாதிரி வனத்து ஜனங்களுக்கு இரும்பு ஆகாது. நம்ம ஊர்லயும் ராத்திரி கறிக்குழம்பு குடுத்தனுப்பினா தூக்குல ஒரு இரும்புத் துண்டோ அடுப்புக்கரியோ போட்டு அனுப்புவாங்க இல்ல, அதே பயம்தான், ஆள்தான் வேற. ரூலா எழுதினா: இரும்புக் கவசம் போட்டாலோ இரும்பு விலங்கு மாட்டினாலோ எல்ஃபுக்கு ரீரோல் கிடையாது, பழைய ஞாபகமும் வராது. இப்ப குறை பலத்தோட சேந்து உக்காந்துடுச்சு. கவசம் போட்டு பாதுகாப்பா நிக்கணும்னா எல்ஃபா இருக்கறதையே கொஞ்ச நேரம் விடணும். எதிரியும் ஒரு இரும்பு விலங்கோட வந்தா போதும், பெரிய மந்திரவாதி தேவையே இல்ல.

எல்லாத்தையும் முதல் நாளே குடுத்துடாதீங்க. பாத்ஃபைண்டர்ங்கற இன்னொரு ரோல்பிளே கேமோட 2019 ரெண்டாவது எடிஷன்ல இனச் சக்திகளை 1, 5, 9, 13, 17 லெவல்ல பிளேயரே ஒவ்வொண்ணா பொறுக்கி எடுக்கற மாதிரி பிரிச்சிட்டாங்க, நல்ல ஏற்பாடு. உங்களுக்கு அவ்ளோ பெருசா வேணாம், முதல் லெவல்ல மங்கல் பார்வை, ரீரோல், பழைய ஞாபகம் மூணும் போதும், தியானமும் தூக்க எதிர்ப்பும் 3ஆம் லெவல்ல, கதவு சான்ஸ் 5ல. 2024 டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புக்ல ஸ்டாட்ஸ் (உடல்திறன் மாதிரி நம்பர்கள்) கூட்டறதை இனத்துலேர்ந்து எடுத்து கேரக்டரோட பின்னணிக்கு மாத்திட்டாங்க, நீங்களும் அதே வழி போங்க, இனத்துக்கு +2 -2 எதுவும் வேணாம்.

மனுஷனை மறந்துடாதீங்க, எல்ஃபை வெட்டறதை விட மனுஷனை ஏத்தறது சுலபம், சண்டையும் வராது. மூணாவது எடிஷன்ல மனுஷனுக்கு கூடுதலா ஒரு ஃபீட் (தனித் திறமை) குடுத்தாங்க, கூட ஸ்கில் பாயிண்ட்டும். எனக்குத் தோணறது, ஆயுசு கம்மிங்கறதால மனுஷனுக்கு அவசரம் ஜாஸ்தி, அதனால செஷனுக்கு ஒரு தடவை யாரோட டர்னா இருந்தாலும் மனுஷன் முன்னாடி குதிச்சு ஒரு ஆக்‌ஷன் பண்ணிக்கலாம். எல்ஃப் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவர் கதவை உதைச்சிருப்பாரு.

ஓடிட்டு இருக்கற கேம்ல ரூல் மாத்தறதால அடுத்த ஞாயித்துக்கிழமை திடீர்னு அறிவிக்காதீங்க, மூணு எல்ஃபுக்கும் புது ஷீட்டை முன்னாடியே அனுப்பிடுங்க, வேணும்னா அவங்க இனத்தையே மாத்திக்கலாம்னும் சொல்லுங்க. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி அந்த மனுஷன் எடுத்த ஃப்ரெண்டுகிட்ட ரெண்டு ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுங்க. "சரி, அப்ப நானும் எல்ஃப் எடுத்துக்கறேன்"னு அவர் சொன்னாருன்னா வீட்டுக்குப் போயி எல்ஃப் ஷீட்டுல இன்னும் ஒரு வரியை அடிச்சு எடுங்க.