கலப்புக் கூண்டில் ஒற்றைக் குருவி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாடியில் 6 அடி நீளம், 3 அடி அகலம், 6 அடி உயரத்தில் கூண்டு கட்டியிருக்கிறேன். உள்ளே ஃபிஞ்ச் வகைச் சிறு குருவிகள்: மூன்று ஜோடி ஜீப்ரா, ஒரு ஜோடி பெங்காலிஸ், துணையில்லாத கோல்டியன் ஆண் ஒன்று. போன மாதம் ஒரு ஜீப்ரா பெண் இறந்துவிட்டது. அன்றிலிருந்து அதன் ஆண் மற்ற ஜோடிகள் முட்டையிடும் பானைக்குள் புகுந்து புகுந்து வருகிறது. ஒரு பானையிலிருந்து முட்டைகள் கீழே விழுந்து உடைந்தன. இன்னொன்றில் முட்டையையே காணோம். இந்த ஆணை விற்றுவிடலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: விற்க வேண்டாம். முதலில், முட்டை காணாமல் போன பானையைக் கீழே இறக்கி, உள்ளே கூடு கட்டியிருக்கும் நாரை அடுக்கடுக்காகப் பிரித்துப் பாருங்கள். அடியில் முட்டைகள் இருக்க வாய்ப்பு அதிகம். துணை இழந்த ஜீப்ரா ஆண் முட்டையைத் தின்ன வருவதில்லை. அதற்கு வேண்டியது பானையும் அதிலிருக்கும் பெண்ணும்தான். அலகில் ஒரு நாரைக் கவ்விக்கொண்டு உள்ளே நுழையும், இருக்கிற முட்டையின் மேலேயே பரப்பிவிட்டு அடுத்த நாருக்குப் போகும். ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள முட்டை இரண்டே நாளில் மூடிப்போகும். அடை உட்கார்ந்த பெண் எதிர்த்து நிற்கும்போது நடக்கும் தள்ளுமுள்ளில்தான் முட்டைகள் வெளியே உருளுகின்றன.

ஆகவே இன்றைக்கே அந்த ஆணை 2 அடி நீளக் கூண்டுக்கு மாற்றி, பெரிய கூண்டை ஒட்டியே வையுங்கள். மற்றவற்றின் குரல் கேட்க வேண்டும், உருவம் தெரிய வேண்டும். ஜீப்ரா கூட்டமாக வாழும் பறவை. வேறு அறையில் தனியே அடைத்தால் சோர்ந்துவிடும்.

அடுத்தது துணை. கடையிலிருந்து வரும் எந்தக் குருவியையும் 30 நாள் தனியாக வைத்துக் கவனித்த பிறகே சேர்க்க வேண்டும். எச்சம் தண்ணீராகப் போகிறதா, மூச்சு விடும்போது வால் ஏறி இறங்குகிறதா, பகலில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் இரண்டு பெண்களாக வாங்குங்கள். ஜீப்ராவில் தேர்வு செய்வது பெரும்பாலும் பெண். நாம் திணிக்கிற ஜோடி பல நேரம் ஒட்டாது. சிறிய கூண்டில் பத்துப் பதினைந்து நாள் விட்டால், யார் யாரோடு உடம்பு ஒட்டி உட்காருகிறார்கள், யார் தலையை யார் கோதிவிடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஒட்டாத பெண்ணைக் கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ள முன்பே பேசி வையுங்கள். அதையும் பெரிய கூண்டில் விட்டால் ஒற்றை ஆணுக்குப் பதில் ஒற்றைப் பெண் என்ற அதே சிக்கல்தான்.

சேர்ந்த ஜோடியை உடனே பெரிய கூண்டில் விடக்கூடாது. உள்ளே அடை உட்கார்ந்திருக்கும் ஜோடிகளின் குஞ்சுகள் வெளியே வந்து தானாகத் தின்னும்வரை பொறுங்கள். பிறகு எல்லாப் பானைகளையும் கழற்றுங்கள், உட்காரும் குச்சிகளை இடம் மாற்றிக் கட்டுங்கள், ஒரு காலை வேளையில் புது ஜோடியை விடுங்கள். 'இது என் மூலை' என்ற உரிமை அப்போது யாருக்கும் இருக்காது. இரண்டு வாரம் பானையே இல்லாமல் இருக்கட்டும்.

மறுபடி வைக்கும்போது நான்கு ஜோடிக்கு எட்டுப் பானை. எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்; ஒன்று மட்டும் அரையடி மேலே இருந்தாலும் எல்லா ஜோடிக்கும் அதுதான் வேண்டும், சண்டை ஓயாது. இரண்டு பானைக்கு இடையே ஓரடி விடுங்கள். ஒன்றின் வாய் இன்னொன்றை நேராகப் பார்க்கக் கூடாது. தேங்காய் நாரையும் காய்ந்த புல்லையும் மூன்று அங்குலத்துக்கு மேல் போகாமல் நறுக்கிப் போடுங்கள். தையல் நூல், சணல் பிரி வேண்டவே வேண்டாம். காலில் சுற்றி இறுகினால் விரலே போய்விடும். முதல் முட்டை விழுந்ததும் மிச்ச நாரை எடுத்துவிடுங்கள். நார் கிடைக்கும்வரை ஜீப்ரா கட்டிக்கொண்டேதான் இருக்கும்.

தீனித் தட்டு மூன்று இடத்தில், தண்ணீர் கூண்டின் இரண்டு முனையிலும் இருக்கட்டும். ஒரே தட்டு என்றால் பலமான ஜோடி அதைக் காவல் காக்கும். ஜீப்ராவை மூன்று ஜோடியாகவே வைத்திருங்கள். ஒரு ஜோடி இருக்கலாம், மூன்று இருக்கலாம். இரண்டு ஜோடி மட்டும் இருந்தால் ஒன்று இன்னொன்றை நாள் முழுக்க விரட்டும். மூன்றாவது இருக்கும்போது அந்தக் கோபம் பிரிந்துபோகும்.

துணை தேடவே முடியாது என்றால், கூண்டிலிருந்து பானைகளை ஒட்டுமொத்தமாக எடுத்துவிடுவதுதான் வழி. பானை இல்லாத கூண்டில் ஒற்றை ஆணால் பெரிய தொல்லை இராது. இனப்பெருக்கமும் வேண்டும், ஒற்றை ஆணும் உள்ளேயே இருக்க வேண்டும் என்றால் நடக்காது.

கேள்வி: ஒரு ஜோடி பெங்காலிஸ் வாங்கினேன். பானையில் ஒன்பது முட்டைகள். இருபது நாளாகியும் பொரிக்கவில்லை. (மதுரை வாசகர்)

பதில்: இரண்டும் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். பெங்காலிஸில் ஒரு பெண் வழக்கமாக நான்கு முதல் ஆறு முட்டை வரை இடும். ஒன்பது என்றால் இருவர் இட்டது என்றே கொள்ளலாம். கருக்கூடிய முட்டை இரண்டு வாரத்தை ஒட்டிப் பொரித்துவிடும். சந்தேகம் இருந்தால் இருட்டில் செல்போன் விளக்கின் மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். அடை உட்கார்ந்து ஆறாம் நாளுக்குப் பிறகும் சிவப்பு நரம்பு தெரியாமல் மஞ்சளாகவே ஒளிர்ந்தால் அது வெறும் முட்டை.

இந்த இனத்தில் ஆணையும் பெண்ணையும் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆண்தான் பாடும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிற வளையம் மாட்டி, ஒரு நாள் தனித்தனிக் கூண்டில் வைத்து, மறுநாள் சேர்த்து விடுங்கள். ஆணாக இருந்தால் சேர்ந்த சில நிமிடத்தில் இறகை உப்பிக்கொண்டு, குச்சியில் குதித்துக் குதித்துப் பாடும். பாடாததை உடனே பெண் என்று முடிவுகட்டாமல் இன்னும் இரண்டு மூன்று முறை பாருங்கள்.

வெறும் முட்டைகளை உடனே எடுத்துவிட்டால் பெண் மறுபடி இடத் தொடங்கும். கால்சியம் வற்றினால் முட்டை உள்ளேயே தங்கிவிடும்: குருவி தரையில் உப்பிக்கொண்டு, கண் செருகி உட்காரும். அப்போது 30 டிகிரி அளவுக்கு இதமான சூடு கொடுத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வராமல் தடுக்கக் கணவாய் ஓடு எப்போதும் தொங்கட்டும். பத்து நிமிடம் கொதிக்க வைத்துக் காயவைத்துப் பொடித்த கோழிமுட்டை ஓடும் தரலாம்.

கலப்புக் கூண்டில் ஒற்றையாக இருக்க மிகவும் ஏற்றது பெங்காலிஸ்தான், சண்டைக்கே போகாது. ஆனால் ராத்திரியில் எல்லாரும் ஒரே பானையில் படுக்கப் பார்க்கும். பிற இனத்தின் பானைக்குள்ளும் அன்பாகவே நுழைந்து நெருக்கி, முட்டையை நசுக்கும். அதற்கென்று மூலையில் பெரிய பானை ஒன்று வைத்துவிடுங்கள்.

கேள்வி: கோல்டியன் ஆண் ஒன்றை மட்டும் ஜீப்ராக்களோடு விடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: விடலாம். கோல்டியன் சாது. ஜீப்ரா நெருங்கினால் நகர்ந்துவிடும். அதனாலேயே தட்டில் கடைசி ஆளாகிப் பட்டினி கிடக்கும். மார்பு எலும்பு கத்திபோல் கூராகத் தட்டுப்பட்டால் இளைத்துவிட்டது என்று பொருள்; உயரமான குச்சிக்கு அருகே அதற்கென்று ஒரு தட்டு வையுங்கள். பாட்டு நின்று, மூச்சில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் காற்றுப்பைப் பேன் (மூச்சுப் பாதையில் தங்கும் நுண்ணிய ஒட்டுண்ணி) இருக்கலாம். மருந்தைக் கடையில் கேட்டு ஊற்றாதீர்கள். 15 கிராம் எடையுள்ள குருவிக்கு அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து.

கேள்வி: ஃபிஞ்ச் வளர்க்கும் 6 அடிக் கூண்டில் லவ் பேர்ட்ஸ், ஜாவா குருவி சேர்க்கலாமா? சந்தையில் சின்னச் சிவப்புக் குருவிகளும் விற்கிறார்கள். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: லவ் பேர்ட்ஸ் என்று நம் கடைகளில் விற்கும் பட்ஜெரிகர் கூடவே கூடாது. கிளி வகை அலகு; ஃபிஞ்சின் காலைக் கடித்தால் துண்டாகும். ஜாவா ஜீப்ராவைப்போல் இரண்டு மடங்கு எடை, தடித்த அலகு. பெரிய கூண்டில் சமாளிக்கலாம், 6 அடிக் கூண்டில் வேண்டாம். சந்தையில் பார்த்தது சிவப்புச் சில்லையாக இருக்கும். அது நம் காட்டுப் பறவை. சிவப்புச் சில்லை, புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை எதையும் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சில்லைகளுக்குச் சாயம் பூசி வெளிநாட்டுக் குருவி என்று விற்பதும் உண்டு. பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக நிறம் இருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: ஜீப்ராக் குஞ்சுகளை எப்போது பிரிக்க வேண்டும்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பொரித்து மூன்று வாரத்துக்குள் பானையைவிட்டு வெளியே வரும். அதற்குப் பிறகும் இரண்டு வாரமாவது தாய் தந்தை ஊட்டும், பெரும்பாலும் தந்தை. முப்பத்தைந்து நாளுக்கு முன் பிரித்தால் தினையின் உமியை நீக்கத் தெரியாமல் பட்டினியில் சாகும். அலகு கறுப்பிலிருந்து ஆரஞ்சுக்கு முழுதாக மாறும்போது, ஏறக்குறைய இரண்டு மாதத்தில், ஆண்களை ஒரு கூண்டிலும் பெண்களை இன்னொன்றிலும் விடுங்கள். தாமதித்தால் உடன்பிறந்தவையே ஜோடி சேர்ந்துவிடும், மிஞ்சுகிறது திருப்பூர் வாசகர் கூண்டில் இருந்ததுபோல் பானை பானையாக ஏறி இறங்கும்.