செத்த பாம்பு கனவில் வந்தால்: வாசகர் கேள்விகள்

கே: வாசற்படியில் பாம்பு செத்துக் கிடப்பதுபோல் இரண்டு முறை கனவு கண்டேன். நாகதோஷம், உடனே பரிகாரம் செய் என்கிறார்கள். செய்யத்தான் வேண்டுமா?
- வாசகி, மன்னார்குடி

ப: நாகதோஷம் பார்ப்பது ஜாதகக் கட்டத்தில். லக்னத்துக்கு 2, 5, 7, 8 போன்ற இடங்களில் ராகு, கேது நிற்பதை வைத்துச் சொல்வார்கள். கட்டத்தைப் பார்க்காமல் கனவை மட்டும் கேட்டுவிட்டுப் பரிகாரத்துக்குத் தேதி குறிப்பவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள்.

கனவுப் பலன் சொல்லும் வழக்கிலும் செத்த பாம்பு நல்ல கணக்குதான். துரத்தினால் தொல்லை, கடித்தால் பீடை கழிந்தது, நாமே அடித்துக் கொன்றால் பகை ஒழிந்தது, செத்துக் கிடந்தால் வர இருந்த துன்பம் விலகியது என்பார்கள். கடிப்பதே நல்லதென்றால் செத்தது மட்டும் எப்படிக் கெட்டதாகும்? நிஜத்தில் நல்ல பாம்பை அடித்துவிட்டால் பாவம் என்று, பால் தெளித்து, காசு வைத்துப் புதைப்பது வழக்கம். அந்தப் பயத்தைத்தான் கனவுக்கும் ஏற்றிவிடுகிறார்கள்.

மனசு கேட்கவில்லையா? அரசமரத்தடி நாகர் சிலைக்கு மஞ்சள், குங்குமம் வைத்து ஒரு அகல் ஏற்றுங்கள், போதும். புற்றில் பால் ஊற்ற வேண்டாம். பால் பாம்புக்கு உணவே அல்ல; எறும்புதான் மொய்க்கும்.

கே: விடியற்காலைக் கனவு உடனே பலிக்குமாமே?
- வாசகர், விருத்தாசலம்

ப: இரவுக்கு நான்கு சாமம். ஒரு சாமம் ஏழரை நாழிகை. நாழிகைக்கு 24 நிமிடம் வீதம் மூன்று மணி நேரம். மாலை 6 மணியிலிருந்து எண்ணினால் நான்காம் சாமம் அதிகாலை 3 முதல் 6 வரை. முதல் சாமக் கனவு ஓராண்டில், இரண்டாவது எட்டு மாதத்தில், மூன்றாவது மூன்று மாதத்தில், நான்காவது பத்து நாளில் பலிக்கும் என்கிறது பழைய கனா நூல் செய்யுள் ஒன்று. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

பலிப்பது இருக்கட்டும், விடியற்காலைக் கனவு நினைவில் நிற்பதற்குக் காரணம் தூக்கத்தின் அமைப்பு. தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. கண்மணிகள் வேகமாக அசையும் கனவுக் கட்டம் முதல் சுற்றில் சில நிமிடம்தான்; விடிய விடிய நீளும். அதன் நடுவில் விழிப்பு வந்தால் பாம்பின் செதில்கூட ஞாபகம் இருக்கும்.

கே: என் கணவர் வாரத்தில் மூன்று நாளாவது பாம்புக் கனவு கண்டு அலறி எழுகிறார். என்ன செய்வது?
- வாசகி, தேனி

ப: முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். கை நடுக்கம், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் புரோப்ரனலால், சில மனச்சோர்வு மாத்திரைகள் கனவை முறுக்கிவிடும். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். குடியைத் திடீரென விட்டவருக்கும் கெட்ட கனவு பெருகும்.

அப்புறம் இந்தப் பயிற்சி. பகலில் ஒரு தாளில் கனவை எழுதச் சொல்லுங்கள். முடிவை அவர் விருப்பப்படி மாற்றட்டும். பாம்பு கயிறாகிவிடலாம், வேலி தாண்டிப் போய்விடலாம். மாற்றிய கதையை மட்டும் தினமும் 10 முதல் 20 நிமிடம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பலரும் சறுக்குவது, மிகப் பயங்கரமான கனவிலேயே தொடங்குவதால். லேசான ஒன்றை முதலில் எடுங்கள். சில வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

தூக்கத்திலேயே கை கால் வீசி அடிக்கிறார், வயதும் ஐம்பதைத் தாண்டியது என்றால் இதோடு நிற்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கே: கொல்லையில் நிஜமாகவே பாம்பு செத்துக் கிடக்கிறது. ஜோடி தேடி வருமா?
- வாசகர், கும்பகோணம்

ப: பழிவாங்க எந்தப் பாம்பும் வராது. ஆனால் கையால் தொடாதீர்கள். செத்த பாம்பின் தலை, வெட்டிப்போட்ட தலையானாலும், சிறிது நேரம்வரை அனிச்சையாகக் கடிக்கும், விஷமும் இறங்கும். நீளப் பிடி மண்வெட்டியால் அள்ளிப் புதையுங்கள். அசைவு தெரிந்தால் விலகி நின்று தீயணைப்புத் துறையை 101-ல் கூப்பிடுங்கள்.