இருபது பேரும் நான்கு லட்சம் பேரும்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் எங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு படிப்பது ஒரு சார்ட்டர் பள்ளியில், அதாவது அரசுப் பணத்தில், உரிமம் பெற்ற தனி அமைப்பொன்று நடத்தும் பள்ளியில். அது மிகச் சிறியது. மாநிலக் கல்வி முகமையின் ஆண்டறிக்கையில் அதைத் தனிப் பள்ளி மாவட்டமாகவே, அதாவது ஓர் ஊரின் பள்ளிகளை நிர்வகிக்கும் அலகைப் போலவே, காட்டுகிறார்கள். சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்புக் கணிதத்தில் தேறியவர்களின் விழுக்காடு மாநிலச் சராசரியைவிடப் பத்துப் புள்ளி குறைவு. ஆசிரியர்களின் அனுபவமும் மாநிலச் சராசரியில் பாதிதான். மகளுக்கு அந்தப் பள்ளி மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் அவளை மாற்றிவிடலாமா என்று நானும் கணவரும் தினமும் விவாதிக்கிறோம். பொதுப்பணத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் நடப்பதே சரிதானா?

ச., டெக்சாஸ்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று, இதே அறிக்கையின் பழைய பிரதியொன்று என் மேசைமேல் விரிந்து கிடந்தது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பொதுப்பணம் பற்றிய கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். 1991இல் மினசோட்டா மாநிலம் முதல் சார்ட்டர் சட்டத்தை இயற்றிய நாளிலிருந்து நடந்துவரும் வாதம் அது. உங்கள் மகள் பின்னம் கற்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆசிரியர்களின் அனுபவத்தைப் பற்றியும் நீட்டி எழுதப்போவதில்லை. அனுமதி கேட்டு வகுப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அட்டவணை சொல்லாததை அது சொல்லும்.

எனக்கு வருத்தம் வேறொன்றில். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தத் தேர்வை எழுதிய பிள்ளைகள் எத்தனை பேர் என்பது அதில் ஓரிடத்திலும் இல்லை. மகள் விரும்பும் இடத்திலிருந்து அவளைப் பிடுங்கி நடத் துணிந்த நீங்கள், அந்த ஒரு எண்ணைத் தேடாமல் விட்டது தவறு. விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்.

டெக்சாஸின் சட்டம் 1995இல் வந்தது. அங்கே சார்ட்டர் உரிமம் பெற்ற ஒவ்வொரு அமைப்பையும் கல்வி முகமை ஒரு பள்ளி மாவட்டமாகவே கணக்கில் கொள்கிறது. ஆகவே சில நூறு பிள்ளைகள் படிக்கும் உங்கள் பள்ளிக்கும், பெருநகரமான ஹூஸ்டனின் பள்ளி மாவட்டத்துக்கும் ஒரே அச்சில் வார்த்த அட்டவணை கிடைக்கிறது. பக்கத்து நிரலில் 50 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களைக் கொண்ட மாநிலம் நிற்கிறது. ஐந்தாம் வகுப்பில் மட்டும் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 4 லட்சம் பேர். உங்கள் பள்ளியில் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு பிள்ளையும் 5 புள்ளி. நீங்கள் இரவெல்லாம் விவாதிக்கும் அந்தப் பத்துப் புள்ளி இரண்டே பிள்ளைகள். கற்பித்தலில் அணுவளவும் மாற்றமின்றி, சேர்ந்த பிள்ளைகள் வேறு என்பதாலேயே அந்த எண் ஓராண்டில் பத்துப் புள்ளி ஏறவும் அடுத்த ஆண்டில் பத்துப் புள்ளி இறங்கவும் முடியும். மாநிலத்தின் எண்ணோ அரைப் புள்ளி நகர்வதற்கே 2,000 பிள்ளைகள் வேண்டும். தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டெய்கர் என்ற இரு பொருளியலாளர்கள் வட கரோலினாவின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2002இல் இதைத்தான் எழுதினார்கள்: தரவரிசையின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே மிகுதியாகத் தென்படும்.

இதை நான் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. டெக்சாஸில் இத்தகைய சிறு பள்ளியொன்றில் நான்கு ஆண்டுகள் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் வேலையில் இருந்தேன். எட்டாம் வகுப்புக் கணிதத்தில் ஓராண்டு 16 பேரில் 14 பேர் தேறினார்கள். நுழைவாயிலில் பதாகை கட்டினார்கள். ஆசிரியைக்கு மலர்க்கொத்து கொடுத்தார்கள். மறு ஆண்டும் 16 பேர்; தேறியவர்கள் 11. வித்தியாசம் மூன்று பிள்ளைகள். ஒருவன் அக்டோபர் இரண்டாம் வாரத்தில், அந்த ஆண்டின் மூன்றாவது பள்ளியாக எங்களிடம் வந்தவன். அக்டோபர் கடைசி வெள்ளியன்று பதிவேட்டில் இருக்கும் பிள்ளை அந்த மாவட்டத்தின் கணக்கில் சேரும் என்பது விதி. ஆகவே ஏழாண்டுகள் வேறெங்கோ படித்த அவன் எங்கள் ஆசிரியையின் கணக்கில் விழுந்தான். இன்னொருத்தியின் தாய் அந்த வசந்தம் முழுவதும் மருத்துவமனையில் இருந்தார். மூன்றாவது பையன் எந்தத் தேர்விலும் பாதியில் பேனாவை வைத்துவிடுபவன். அவனைத் தினமும் பள்ளி முடிந்தபின் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அந்த ஆசிரியைதான்.

நிர்வாகக் குழுவுக்கான அறிக்கையை நான்தான் தயாரித்தேன். "87.5இலிருந்து 68.75, மாநிலச் சராசரிக்குக் கீழே" என்று எழுதினேன். 14, 11 என்ற எண்களை எழுதவில்லை. அந்த ஆசிரியையின் ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை. வேறொரு மாவட்டத்தில் வேலை தேடிக்கொண்டு, பல ஆண்டுகள் கற்பித்து, சென்ற வாரம்தான் அவர் ஓய்வு பெற்றார் என்று செய்தி வந்தது. அன்றுதான் அந்தப் பழைய பிரதியை எடுத்து வைத்தேன்.

அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தைக்காகத் தூங்காமல் இருக்கும் தாயிடம் எனக்கு மரியாதை மட்டுமே உண்டு.

மாநிலச் சராசரி என்று ஒரு பள்ளி இல்லை. உங்கள் மகளை அதில் சேர்க்க முடியாது. அவள் இங்கிருந்து விலகினால் போகப்போவது உங்கள் தெருவுக்குரிய அரசுப் பள்ளிக்கு. ஒப்பிட வேண்டியது அதனோடுதான், அதுவும் ஒத்த பின்னணியுள்ள பிள்ளைகளை வைத்து. ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ ஆய்வு மையமும் சார்ட்டர் மாணவர் ஒவ்வொருவருக்கும் அவர் விட்டுவந்த பள்ளிகளிலிருந்தே இணையைத் தேடுகிறது. 2023இல் அது கண்ட சராசரி வேறுபாடு, ஓராண்டில் வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் கூடுதலாகப் படித்ததற்குச் சமமான முன்னேற்றம் சார்ட்டர் பள்ளிகளுக்குச் சாதகம், அவ்வளவுதான்.

அறிக்கையின் பின்பக்கங்களில் வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை இருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு எழுதியவர்களையும் தேறியவர்களையும் தனித்தனியே கூட்டுங்கள். விடுபட்ட எண்ணைப் பள்ளியிலேயே கேளுங்கள். அறுபது பேரைச் சேர்த்த பிறகும், பக்கத்துப் பள்ளியை வைத்துப் பார்த்த பிறகும் அதே பத்துப் புள்ளி நின்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது உங்களோடு சேர்ந்து நானும் கவலைப்படுவேன்.